மட்டையோடு ஓடியவன்

டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டில் பேஸ்பால் கழகம் தொடங்கிய டெனிஷ்காரனை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. உழவு இயந்திரம் விற்றுக் காசு பெருத்தவன். சம்பளம் கொடுக்கும் கழகம் என்று மைதான வேலி முழுக்க விளம்பரம் கட்டினான். வெளிநாட்டு ஆட்டக்காரர்களை எடுத்த பிறகு ஓர் இடம் மிச்சம். அது எனக்கு வேண்டும். இறைச்சித் தொழிற்சாலையில் தோள் தேய்ந்துகொண்டிருந்தது. இதை விட்டால் இனி விளையாட வயதில்லை.

எங்கள் ஊர் ஹேர்னிங்கில் என்னோடு கிரிக்கெட் ஆடும் தம்பி ஒருவனும் அதே இடத்துக்கு வந்தான். என் காரில்தான் போனோம். உங்கள் ஊரில் தமிழ்க் குடும்பங்கள் எத்தனை, எல்லாரும் பார்க்க வருவார்களா என்றுதான் டெனிஷ்காரன் முதலில் கேட்டான்.

சோதனை ஆட்டம். பந்தை அடித்தேன். மட்டையோடு ஓடினேன். ஓடித் தொட வேண்டிய முதல் தளம் நெருங்கியதும் குனிந்து மட்டையை நீட்டினேன். மட்டை தொட்டது. பிறகு பந்து அங்கே நின்றவன் கைக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் என் கால். அவுட். மட்டையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும், காலோ கையோ பட வேண்டும் என்று சொல்லித் தந்திருந்தார்கள். கிரிக்கெட்டில் பழகிய உடம்பு கேட்கவில்லை.

“அண்ணை, மட்டைக்கும் ஒரு சம்பளம் கேளுங்கோ” என்று தம்பி சிரித்தான்.

“வாயைப் பொத்து.”

தன் முறை வந்ததும் அவன் மட்டையை எறிந்துவிட்டு ஓடினான். இடம் அவனுக்கு.

டெனிஷ்காரன் என் தோளில் கை போட்டான். உன் சனத்துக்கு டிக்கெட் விற்றுத் தா என்றான். கையை எடுத்துவிட்டேன்.

திரும்பும்போது தம்பி கேட்டான்.

“நான் விளையாடுறன்தானே. சனத்தைக் கூட்டிக்கொண்டு வாங்கோவன்.”

“மாட்டன்.”

“பொறாமையோ அண்ணை?”

“ஓம்.”

அவர்களுடைய முதல் ஆட்டத்தன்று ஹேர்னிங்கில் எங்கள் கிரிக்கெட் ஆட்டத்தை வைத்தேன். குடும்பங்கள் சோற்றுப் பெட்டிகளோடு எங்களிடம் வந்தன. அடுத்த ஆட்டங்களுக்கும் அப்படியே செய்தேன். கிரின்ஸ்டெட்டில் பார்வையாளர் வாங்குகள் வெறுமையாகக் கிடந்தன. கோடை முடிவதற்கு முன்பே டெனிஷ்காரன் தம்பியை நிறுத்திவிட்டு வேறொருவனை எடுத்தான்.

தம்பி என் வீட்டு வாசலில் வந்து நின்றான். காலில் இருந்த சப்பாத்தைக் கழற்றவில்லை.

“உங்களுக்குக் கிடைக்கேல்ல எண்டு எனக்கும் இல்லாமப் பண்ணிப்போட்டியள்.”

“அவன் உன்னை விளையாட எடுக்கேல்ல. சனம் வருமெண்டு எடுத்தவன்.”

“எதுக்கோ எடுத்தவன். நான் விளையாடினன்.”

கதவைச் சாத்தினேன்.