சாலிஹின் பால்பெட்டியும் காளிமுத்துவின் கையும்

1931ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினெட்டாம் திகதி, புதன்கிழமை, காலை ஆறே கால் மணிக்கு, இரத்தோட்டை பஸ் நிறுத்தத்துக்கு எதிரிலிருந்த தேநீர்க்கடையில் ஒரு குவளைத் தேநீர் சாலிஹின் தலைமேல் வந்து கவிழ்ந்தது. கடைக்காரி அழகாயியை அவர் முதன்முதலாகச் சந்தித்தது அப்படித்தான். தேநீர் அவரை நோக்கி வீசப்பட்டதன்று. பக்கத்து மேசைக்காரருக்கு உரியது. நல்லவேளையாக ஆறியிருந்தது.

மாத்தளை நகரில் தகரவேலை செய்துவந்த சாலிஹ், அன்று பக்கத்துப் புடைவைக்கடையின் கூரைநீர் வடியும் பீலியில் ஒழுகலை அடைக்க வந்திருந்தார். பீலி, புனல், லாந்தர் ஆகியவற்றைச் செய்வதில் அவர் கைதேர்ந்தவர். செய்ததைப் பற்றிப் பேசுவதில் அதைவிடவும் தேர்ந்தவர். "இவர் ஒரு வாளிக்கு அடி வச்சா, அந்த வாளிக்கு ஊரே எழும்பி நின்டு சலாம் சொல்லணும்" என்பது அவருடைய மனைவி றஹீமாவின் கணிப்பு.

அழகாயி துண்டோடு ஓடிவந்தாள். "மன்னிச்சுக்குங்க நானா. எல்லாம் இந்தப் பாலால வந்த வென."

கணவன் இறந்தபின் கடையை நடத்தியவள் அழகாயி. தேநீர் கலந்தவன் அவளுடைய கொழுந்தன் காளிமுத்து. கெட்டியான டின் பாலைக் கரண்டியால் அள்ளினால், பாதி குவளையில் விழும். மீதி கரண்டியைப் பிரிய மனமில்லாமல் தொங்கும். அந்த மீதியைக் காளிமுத்து சிலருக்கு வழித்துவிடுவான். சிலருக்கு டின்னுக்கே திருப்பியனுப்புவான். யாருக்கு வழித்தான், ஏன் வழித்தான் என்னும் ஆராய்ச்சி அங்கே அன்றாடம் நடந்தது. அன்று ஆராய்ச்சி கொஞ்சம் முற்றிவிட்டது.

புடைவைக்கடைக்காரரும் அந்தக் கட்டடத்தின் சொந்தக்காரருமான அப்துல் ஸமத் வாசலில் வந்து நின்றார்.

"அழகாயி, இதுதான் கடைசி. இன்னொரு சண்ட வந்தா, மாசக் கடைசியில சாவியக் குடுத்துருங்க. ஏன்ட கடைக்கு வாற பொம்பளைங்க பயந்து ஓடுறாங்க."

கடை போனால், தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பிக் கொழுந்துக்கூடையைத் தூக்குவதைத் தவிர அழகாயிக்கு வேறு வழியில்லை. அவளுடைய முகத்தைப் பார்த்த சாலிஹ், தலையைத் துவட்டியபடியே தீர்ப்பளித்தார்.

"குத்தவாளி அந்தக் கரண்டி தங்கச்சி. அத ஒழிச்சுக் காட்டுறது ஏன்ட பொறுப்பு."

கரண்டிக்குப் பதிலாக அவர் செய்து கொண்டுவந்த முதற் பால்பெட்டி எளிமையானது: அடியில் ஒரு துளை, துளைக்கு ஒரு மூடி. மூடியைத் திறந்து, மூன்று எண்ணி, மூடவேண்டும். ரிவர்ஸ்டன் மலைப்பக்கமிருந்து பனி இறங்கிய விடியற்காலையில், மூன்று எண்ணியும் ஒரு சொட்டுப் பால் எட்டிப் பார்க்கவில்லை. நண்பகல் வெயிலில், மூன்று எண்ணுமுன் குவளையே நிரம்பிவிட்டது.

"பெட்டியில பிழ இல்ல" என்றார் சாலிஹ். "இரத்தோட்டயிலதான் பிழ."

ஆயினும், பெட்டியைத்தான் திருத்தினார். இரண்டாவது பெட்டியின் அடியில், ஈயம் பூசிய சிறு பித்தளைக் கிண்ண அறை ஒன்று இருந்தது. அதற்கு மேலொரு கதவு, கீழொரு கதவு. இரண்டையும் ஒரே கம்பி ஆட்டியது. பிடியை உயர்த்தினால் மேற்கதவு திறந்து அறை நிரம்பும். தாழ்த்தினால் மேற்கதவு மூடிக்கொள்ள, கீழ்க்கதவு திறந்து அறை காலியாகும். பனியோ வெயிலோ, அறை கொள்ளும் அளவு மாறாது. உறவினனுக்கும் அந்நியனுக்கும் ஒரே பால்.

சண்டை அன்றே நின்றது. அடுத்து, வியாபாரமும் நின்றது.

"என்னாண்ணே, ஆஸ்பத்திரியில மருந்து ஊத்துற மாதிரி ஊத்துறீங்க?" என்று காளிமுத்துவிடம் கேட்டான் தோட்டத் தொழிலாளி முத்துவீரன். "நமக்குன்னு ஒரு சொட்டு கெடையாதா?"

"நான் என்னாடா செய்ய? பொட்டிக்கு ஒறவுமொற தெரியல."

முத்துவீரன் பாலத்தடியிலிருந்த மற்றத் தேநீர்க்கடைக்குப் போனான். அங்கே பழைய கரண்டி இன்னும் ஆட்சியிலிருந்தது. அவன் பின்னால் மற்றவர்களும் போனார்கள். சாலிஹ் மறுமுறை வந்தபோது, அழகாயி காலி வாங்குப் பலகைகளைக் காட்டினாள்.

"சண்ட நின்னுருச்சு நானா. சண்ட போட ஆளுதான் இல்ல. இப்பிடியே போனா, ஸமத் மொதலாளி கேக்காமலே நான் சாவியக் குடுத்துருவேன்."

சாலிஹுக்கோ வேறொரு கவலை. அளவு விழுந்தபின்னும், அறையின் சுவரில் ஒட்டிய சிறிது பால் பின்தங்கி, நினைத்தபோது சொட்டியது. இந்த ஒழுங்கீனத்தைச் சகிக்கமாட்டாமல், அராவிச் சரிசெய்ய அரத்தோடு வந்திருந்தார். அவர் அரத்தை எடுக்கும் வேளையில், கொழுந்து பறிக்கும் மாரியாயி உள்ளே வந்தாள். காளிமுத்து பிடியைத் தாழ்த்தினான், அளவு விழுந்தது. யாருமில்லாத கடையின் எரிச்சலில், பெட்டியின் முதுகில் ஓர் அடி போட்டான். பின்தங்கியிருந்த பால் பொத்தென்று குவளைக்குள் விழுந்தது.

மாரியாயியின் முகம் மலர்ந்தது. "பாத்தியா, அக்காவுக்குன்னு தட்டி வுட்டிருக்கான்! இவனப் போயி கஞ்சன்னு சொல்றானுங்களே."

காளிமுத்து ஒருகணம் விழித்தான். பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். சாலிஹ் அரத்தைப் பையில் போட்டார்.

மூன்றாவது பெட்டியில், அந்தப் பிழையையே அவர் வேண்டுமென்றே செய்துவைத்தார். கீழ்க்கதவுக்கு வெளியே, அடியில், நாக்குப்போல ஒரு சிறு தட்டு. அளவில் கொஞ்சத்தை அது பிடித்துவைத்து, பிடி மேலே திரும்பும்போது விட்டுவிடும். மொத்தத்தில் யாருக்கும் ஒரு துளி கூடவுமில்லை, குறையவுமில்லை. இதை அழகாயியிடம் மட்டும் விளக்கினார். காளிமுத்துவுக்குச் சொல்லவில்லை, தெரிந்தால், தட்டுகிற கையில் உயிர் இருக்காது.

"இது மட்டும் சரியா வந்துச்சுன்னா, பொட்டி நெத்தியிலயே ஒங்க பேர வெட்டி வைக்கிறேன் நானா" என்றாள் அழகாயி.

"பித்தளத் தகட்டுல வெட்டணும்."

"வெட்டிப்புடுவோம்."

எழுத்தின் உயரத்தில் மட்டும் இருவருக்கும் சிறு இழுபறி இருந்தது. சாலிஹ் கேட்ட உயரத்துக்குப் பெட்டி போதவில்லை.

காளிமுத்து பிடியைத் தாழ்த்துவான், உயர்த்துவான், முதுகில் ஒரு தட்டுத் தட்டுவான். அவன் தட்டாவிட்டாலும் விழவேண்டியது விழும். அவனுக்கு அது தெரியாது. "ஒனக்குன்னு போட்டேன்" என்று கண்ணடிப்பான். பாலத்தடிக் கூட்டம் ஒவ்வொருவராகத் திரும்பியது. மாதக் கடைசியில், அப்துல் ஸமத் சாவி கேட்க வரவில்லை. தேநீர் கேட்டு வந்தார். கடைசிச் சொட்டு விழக்கண்டு, "காளிமுத்து, ஒனக்கு ஆள் தெரியுது" என்று திருப்தியோடு போனார்.

சித்திரை வெயிலில் ஒருநாள், தகட்டுக்கு அளவெடுக்க சாலிஹ் வந்தார். கடை நிறைந்திருந்தது.

"காளிமுத்தண்ணே கை யாருக்கு வரும்!" என்றான் முத்துவீரன். பிறகு சாலிஹின் பக்கம் திரும்பினான். "நானா, பொட்டி நீங்க செஞ்சதாமே. அளவு விழுந்த பொறவு இன்னொரு சொட்டு எப்பிடி விழுது?"

சாலிஹின் நாவின் நுனிக்கு நாக்குத்தட்டு வந்துவிட்டது. பிடி, கம்பி, அறை, மூன்று பெட்டிகளின் வரலாறு எல்லாம் அதன் பின்னே வரிசையில் நின்றன. தம் வாழ்நாளின் ஆகச் சிறந்த வேலையை விளக்கும்படி ஒருவன் கேட்கிறான். கடை முழுவதும் காது கொடுத்திருக்கிறது. அடுப்படியில் அழகாயி கெண்டியைத் தூக்கியபடியே நின்றாள். காளிமுத்துவும் ஆவலோடு பார்த்தான்.

"அதுவா?" என்றார் சாலிஹ். "அது பெட்டியில இல்ல தம்பி. காளிமுத்துட கையில இருக்கு."

சொன்ன வாயை உடனே அடைக்கவேண்டி, கொதிக்கும் தேநீரை ஒரே மடக்கில் விழுங்கி, நாக்கைச் சுட்டுக்கொண்டார். அளவுக்கயிறு பையிலேயே இருந்தது.

அதன்பின் ஆண்டுதோறும் வந்து, பெட்டியை வெந்நீரில் கழுவி, கம்பிக்கு எண்ணெயிட்டுப் போனார். ஊரிலுள்ள ஒவ்வொரு பீலியையும் பற்றி வாய் ஓயாமல் பேசினார். "அந்தத் தகடு, நானா..." என்று ஒருமுறை அழகாயி தொடங்கினாள், அவர் பலாபத்வலயில் தாம் செய்த ஒரு புனலின் பெருமைக்குத் தாவிவிட்டார். 1944இல் அவர் காலமானபோது, பெட்டியின் நெற்றி வெறுமையாகவே இருந்தது. அழகாயி வாக்களித்திருந்த அந்தப் பெயரை, அவர் கடைசிவரை கேட்கவேயில்லை.