லைட்டக்கா வாய் திறந்த நாள்

பண்ணையில் எல்லாரும் அவரை லைட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருட்டறையில் விளக்குக்கு முன்னால் நின்று, முட்டையை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, விரிசலோ இரத்தப் புள்ளியோ இருந்தால் ஒதுக்குவது அவர் வேலை. பதினாறு வருடமாக அதே வேலை. எனக்கு அவர் அண்ணி. அடுத்த அறையில் கோழித் தீவனம் கலக்குகிறவன் நான். நடுவில் ஒரு சுவர்தான். ஆனால் மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

தப்பு என்னுடையது. அண்ணன் நெஞ்சுவலியில் போன அன்று, வந்தவர்கள் அத்தனை பேரும் கேட்க, "நீங்க நேரத்தோட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா எங்கண்ணன் பொழச்சிருப்பாரு" என்று கத்திவிட்டேன். அண்ணன் தன் வலியை யாரிடமும் சொல்லவே இல்லை என்பது பிறகு தெரிந்தது. தெரிந்து என்ன பிரயோசனம்? கொட்டின வார்த்தையை அள்ள முடியுமா? எனக்குக் கோபம் மட்டும் மூக்குமேல் வரும், மன்னிப்புக் கேட்க வாய் வராது.

ஒருநாள் காலையில் முதலாளி ஒரு முட்டை அட்டையோடு என் அறைக்குள் வந்தார். மாமனார் இறந்தபின் பண்ணைக்கு வந்தவர். வியாபாரம் தெரியும், கோழி தெரியாது. இரண்டாவது ஷெட்டில் இருப்பவை சிவப்புக் கோழிகள், பழுப்பு முட்டை இடும். அட்டையில் இருந்த முட்டைகளோ பால் அதிகமாகிப்போன டீ மாதிரி வெளுத்திருந்தன.

"மக்காச்சோளத்தையும் கலர் வர்ற பூப்பொடியையும் வெளியே வித்துட்டு, கோழிக்குக் குப்பையப் போட்டிருக்க. அப்படித்தானே?"

"ஐயோ, சத்தியமா இல்லைங்க!"

"மூட்டையக் கட்டு. இனிமே எந்தப் பண்ணையிலயும் உன்னைச் சேர்க்காம பாத்துக்கறேன்."

வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள். எனக்குத் தெரிந்தது இந்த ஒரு வேலைதான். பயத்தில் கத்தினேன். கத்தக் கத்தத் திருடன் மாதிரியே தெரிந்தேன். வேலையாட்கள் வாசலில் கூடிவிட்டார்கள்.

அண்ணி அவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். கையில் ஒரு தட்டும் இரண்டு முட்டையும். முதல் ஷெட்டின் வெள்ளைக் கோழி இட்டது ஒன்று, வெளுத்துப்போன பழுப்பு முட்டை ஒன்று. இரண்டையும் தட்டில் உடைத்து ஊற்றினார். இரண்டு மஞ்சள்கருவும் ஒரே மாதிரி, நல்ல ஆரஞ்சு நிறத்தில் இருந்தன.

"ரெண்டு ஷெட்டுக்கும் ஒரே தீவனந்தாங்க. அதுல கை வெச்சிருந்தா மஞ்சக்கருதான் வெளுக்கும். ஓட்டோட நிறம் தீவனத்துல வர்றதில்ல, கோழியோட ஜாதியில வர்றது. வெள்ளைக் கோழிக்கு நீங்க தங்கத்தையே போட்டாலும் வெள்ளை முட்டைதான்."

யாரோ சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. "அப்ப ஓடு ஏன் வெளுத்துச்சு? இவன் வேற எதையாவது கலந்திருப்பான்."

அண்ணி தன் இருட்டறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு தட்டைக் கீழே வைத்தார்.

"முட்டை வெளிய வர்றதுக்கு முன்னாடி கடைசி சில மணி நேரத்துலதான் கோழி அந்தப் பழுப்பைப் பூசும். உடம்பு சரியில்லன்னா பூச்சு குறையும். கோழிங்களுக்குச் சீக்கு வந்திருக்குங்க. டாக்டரைக் கூப்பிடுங்க."

டாக்டர் வந்து கோழிகளின் இரத்தம் எடுத்தார். தொற்றுநோய் என்று உறுதியானது. இரண்டு ஷெட்டுக்கும் பரவியிருந்தது. அந்த வாரத்திலேயே எல்லாக் கோழிகளையும் கொன்று புதைத்தோம். முதலாளியின் கறிக்கோழிப் பண்ணை ஒன்றுக்குத் தீவனம் வேண்டும் என்பதால் என்னை வைத்துக்கொண்டார்கள். முட்டையே இல்லாத இடத்தில் லைட்டக்காவுக்கு என்ன வேலை? விளக்கறையைப் பூட்டிவிட்டார்கள்.

கடைசி நாள் வேலை முடிந்து எல்லாரும் கிளம்பும்போது கேட்டருகில் அவரை நிறுத்தினேன்.

"அண்ணி, சீக்குன்னு சொன்னா உங்க வேலை போயிடும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

"செய்யாத தப்புக்கு நாலு பேர் முன்னாடி தலைகுனிஞ்சு நிக்கறது எப்படியிருக்கும்னும் தெரியும் தம்பி."

போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாருக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன். "அண்ணன் போனதுக்கு நீங்க காரணமில்ல அண்ணி. நான் சொன்னது பாவம். என்னை மன்னிச்சிடுங்க."

அண்ணி சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தார். புருஷன் செத்த அன்று என் பேச்சால் அழக்கூட முடியாமல் போனவர், கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.