ஜீப் வராத தெரு

போன மழையில் கோம்பையில் எங்கள் ஓட்டு வீடு சரிந்ததும் உத்தமபாளையத்தில் வாடகைக்கு வீடு தேடினோம். அங்கேதான் ஒரு வக்கீல் ஆபீஸில் எனக்கு டைப்பிங் வேலை. அம்மா ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவள். விடியுமுன் ஜீப் ஏறி மலைக்குப் போய்க் காய் பறித்துவிட்டு, பொழுது சாய இறங்குவாள். எனக்கு அவள், அவளுக்கு நான். ரெண்டு பேரும் ஒரே கூரையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் வீட்டுக்கார அம்மா எங்களை உட்காரவைத்து, சொந்த ஊர், குலசாமி என்று சுற்றிவளைத்து விசாரித்தார். எதற்கென்று தெரியாதா என்ன? பதில் கிடைத்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நம்ம ஆளுகதானா! உள்ள வாங்க மதினி" என்று அம்மாவின் கையைப் பிடித்தார். காபி வந்தது. அந்த 'மதினி' எனக்கு இனித்தது. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

காபி குடித்த தெம்பில் அம்மா கேட்டாள்: "தோட்டத்து ஜீப்பு இந்தத் தெருவுக்குள்ள வருமா, இல்ல ரோட்டுக்குப் போயி நிக்கணுமா?"

வீட்டுக்கார அம்மா என் அம்மாவின் விரல்களைப் பார்த்தார். காய் பறித்துப் பறித்து நகக்கண்ணெல்லாம் கறுத்த விரல்கள்.

"இந்தாம்மா, எங்க வீட்டுக்காரவுக வேற ஆளுக்குச் சொல்லி வச்சிருக்காக போல. கேட்டுட்டுச் சொல்றேன்."

காபி டம்ளர் சூடு ஆறுவதற்குள் மதினி போய் 'இந்தாம்மா' வந்துவிட்டது.

மறுநாள் வக்கீல் சாரிடம் பொருமித் தீர்த்தேன். கேஸ் போட முடியாதா என்று கேட்டேன்.

"சாதியச் சொன்னாகளா?"

"இல்ல சார், ஒரே சாதிதான். கூலிக்குப் போறவுகன்னுதான் வீடு இல்லைன்னுட்டாக."

"கூலிக்காரவுகன்னு ஒதுக்குனா தப்புன்னு எந்தச் சட்டத்துலம்மா இருக்கு? அப்படி ஒண்ணு வரட்டும், மொத கேஸ் உன்னோடதுதான்" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். வெட்கங்கெட்ட சிரிப்பு.

அடுத்த வீட்டுக்கு அம்மா விசேஷத்துக்குக் கட்டும் சேலையில் வந்தாள். எலுமிச்சைத் தோலால் விரல்களைத் தேய்த்துத் தேய்த்துச் சிவக்க வைத்திருந்தாள். என்ன வேலை என்ற கேள்விக்கு நான் வாயைத் திறக்குமுன், "நான் சும்மா வீட்டுலதான் இருக்கேன். மக சம்பாத்தியம்" என்றாள். வீடு கிடைத்தது.

என் சம்பளம் வாடகைக்கே காணாது. அதனால் அம்மா இன்னும் தோட்டத்துக்குத்தான் போகிறாள். நல்ல சேலை கட்டி, வேலைக்குப் போடும் சட்டையைக் கட்டைப்பைக்குள் திணித்து, இரண்டு தெரு தள்ளிப் போய் ஜீப் ஏறுகிறாள். அண்ணன் மகள் வேலைக்குப் போவதால் அவள் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போவதாக வீட்டுக்கார அக்காவிடம் சொல்லிவைத்திருக்கிறாள். அம்மாவுக்கு அண்ணனே கிடையாது.

ஆபீஸில் நான் டைப் அடிப்பதெல்லாம் அடுத்தவர்களின் நியாயம். வீட்டில் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று மாடிப்படியில் வீட்டுக்கார அக்கா என்னை நிறுத்தினார். பாவம், நல்ல மாதிரி.

"ஒங்கம்மா பாத்துக்கிற பிள்ளைக்குப் பல்லு முளைச்சிருச்சா?"

"கீழ ரெண்டு முளைச்சிருக்குக்கா" என்றேன்.