அணைக்கக் கூடாத கணினி

“...ஆஃப் பண்ணி ஆன் பண்ணா அடங்காத மெஷினை நான் இன்னும் பாக்கல சார். அதுவும் நம்மள மாதிரி தானே? படுத்து எந்திரிச்சா தெளிஞ்சிடும். இந்தப் பாப்பா தான் தொடவே வுட மாட்டேங்குது!”

நான் கதவைத் திறந்து உள்ளே போகும்போதே ஆய்வகப் பொறுப்பாளர் என்னிடம் இப்படிப் பேசத் தொடங்கிவிட்டார். போன வருடம், மழைக்காலம் தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால், தாம்பரத்தை அடுத்த ஒரு பொறியியல் கல்லூரியில் நடந்தது இது.

நான் பட்டம் வாங்கிக்கொண்டு இந்தத் தொழிலுக்கு வந்தவன் இல்லை. ஒரு கடையில் உட்கார்ந்து, கெட்டுப்போன கணினிகளைப் பிரித்துப் பார்த்து, புரியாததையெல்லாம் தேடிப் படித்துக் கற்றுக்கொண்டவன். குரோம்பேட்டையிலிருந்து வண்டலூர் வரை சின்ன அலுவலகங்கள், கல்லூரிகளின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வதுதான் பிழைப்பு. உண்மையைச் சொன்னால், சர்வரைவிட அதைச் சுற்றி நிற்கிற மனிதர்கள் பேசுவதைக் கேட்கத்தான் எனக்கு ஆசை. பொறுப்பாளர் சொன்ன அந்த ‘படுத்து எந்திரிச்சா’வை அப்போதே மனசுக்குள் முடிந்துகொண்டேன்.

அவர் குறிப்பிட்ட ‘பாப்பா’ ஓர் ஆராய்ச்சி மாணவி. கணினிக்கும் அவருக்கும் நடுவில், இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். அனகாபுத்தூர்க்காரர். அடையாற்றில் தண்ணீர் ஏறினால் அது எந்தத் தெருவுக்குள் முதலில் நுழையும், எவ்வளவு உயரம் வரும் என்பதுதான் அவருடைய கணக்கு. மூன்று வாரமாக அந்தக் கணினியில் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு வாரம் ஓட வேண்டும்.

“நடுவுல நின்னுட்டா என்னம்மா ஆகும்?” என்று கேட்டேன்.

“முதல்லேருந்துதான் சார். இந்த ப்ரோகிராம் சீனியர் ஒருத்தர் எழுதினது, கடைசியில மட்டும்தான் ரிசல்ட்டை சேவ் பண்ணும். திரும்ப ஆரம்பிச்சா அதுக்குள்ள மழை வந்துடும். எங்க தெருவுல வருஷா வருஷம் சாமானை எல்லாம் பரண்ல ஏத்துறோம் சார். எப்ப ஏத்தணும்னு யாருக்குமே தெரியாது. பக்கத்து வீட்ல ஏத்துறாங்களான்னு எட்டிப் பாத்துட்டு நாங்க ஏத்துவோம். அவங்க எங்களைப் பாத்துட்டு ஏத்துவாங்க.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கேட்ட எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சிக்கல் இதுதான். அந்தக் கணினியின் மெமரியில் கோளாறு. மெமரிச் சில்லுக்குள் கணக்கில்லாத வரிசைகள் உண்டு, சினிமா தியேட்டரில் இருக்கை வரிசைகள் மாதிரி. அதில் ஒரே ஒரு வரிசை பலவீனமாகிவிட்டது. அங்கே வைக்கிற எண் அவ்வப்போது மாறிப்போகிறது. சின்னப் பிழையாக இருந்தால் கணினி தானே திருத்திக்கொண்டு, ‘திருத்தினேன்’ என்று ஒரு வரி எழுதி வைத்துவிடும். திருத்த முடியாத பெரிய பிழை வந்தால், தப்பான விடை தருவதைவிட நின்றுவிடுவதே மேல் என்று நின்றுவிடும். திருத்தல்கள் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே வந்தன. அது எப்போது நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வழக்கமான வைத்தியம், கணினியை அணைத்து, கெட்ட மெமரியைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக மாட்டுவது. ஆனால் இப்போது வருகிற சில மெமரிகளில் செய்கிறவர்களே உபரி வரிசைகள் கொஞ்சம் வைத்து அனுப்புகிறார்கள். கெட்டுப்போன வரிசைக்குப் பதிலாக உபரி வரிசையைப் பயன்படுத்து என்று நாம் கட்டளையிட வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கட்டளைக்கான வழியை, அந்தக் கணினியில் ஓடும் லினக்ஸ் இயங்குதளத்தின் கெர்னல் திறந்து வைத்திருக்கிறது. கெர்னல் என்றால் இயந்திரத்துக்கும் மற்ற மென்பொருள்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் அடித்தளம். அது சில சின்னக் கோப்புகளைக் காட்டும். ஒன்றில் எந்த வரிசை என்று எழுத வேண்டும். இன்னொன்றில் இது தற்காலிகமா நிரந்தரமா என்று எழுத வேண்டும். கடைசியாக, பழுது பார் என்பதற்கு ஒரு ‘1’. ஒழுகுகிற அறையைப் பூட்டிவிட்டுப் பக்கத்து அறைக்குப் பாயை மாற்றிக்கொள்வது போலத்தான்.

இதையெல்லாம் படித்திருந்தேனே தவிர, செய்து பார்த்ததில்லை. அதை மறைக்காமல் சொன்னேன்.

மாணவி யோசித்துவிட்டு, “மாத்தும்போது அந்த வரிசையில இருக்கற என்னோட நம்பரெல்லாம் என்ன ஆகும் சார்?” என்றார். கேட்க வேண்டிய கேள்வி. அதற்கும் ஒரு கோப்பு இருக்கிறது. பயன்பாட்டில் இருக்கும்போதே பழுது பார்த்தால் உள்ளே இருப்பது பத்திரமாக இருக்குமா என்பதை அது சொல்லும். திறந்தேன். ‘1’ என்றிருந்தது. இருக்கும் என்று பொருள்.

“அப்ப செய்யலாம் சார்” என்று வழிவிட்டு நகர்ந்தார்.

பிழைகளின் பதிவிலிருந்து அதிகம் தென்பட்ட வரிசையின் முகவரியை எடுத்தேன். எழுதினேன். தற்காலிகம் என்று குறித்தேன். ‘1’ போட்டு என்டரைத் தட்டினேன்.

கெர்னல் ஏற்கவில்லை. செல்லாத மதிப்பு என்று ஒற்றை வரியில் திருப்பி அனுப்பிவிட்டது.

எழுத்துப் பிழையாக இருக்கும் என்று மறுபடி எழுதினேன். மறுபடியும் அதே பதில். அந்தக் கோப்புகளில் எழுத எனக்கு அனுமதி இருக்கிறதா என்று சரிபார்த்தேன், எல்லாம் ஒழுங்கு. பின்னால் இரண்டு பேர் நின்று பார்க்கும்போது கணினி முடியாது என்று சொன்னால் எப்படியிருக்கும் என்று இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். அதை வாய்க்குள்ளேயே திட்டினேன். இந்த வசதி எல்லாம் காகிதத்தில்தான் போலிருக்கிறது என்று முடிவுகட்டி நாற்காலியைத் திருப்பினேன்.

“இது ஒத்துக்க மாட்டேங்குதும்மா. நிறுத்திட்டு மெமரியை மாத்தறதுதான் வழி போல.”

காலையிலிருந்து யாரையும் கிட்டே விடாமல் நின்றவர், சண்டை போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. “சரி சார். நீங்க சொன்னா நிறுத்திடலாம்” என்றார். அந்தச் ‘சரி’ என்னை என்னவோ செய்தது.

அவரைத் தேற்ற நினைத்துத்தான் பொறுப்பாளர் பேச்சை எடுத்தார். “வருத்தப்படாதம்மா. போன மாசம் இதே மாதிரி கத்துச்சே, நான் தானே சரி பண்ணேன்? ஆஃப் பண்ணிட்டு எல்லா மெமரியையும் கழட்டி, ரப்பர் போட்டு நல்லா தேச்சு மாட்னேன். கப்சிப்னு ஆயிடுச்சு. அப்புறம் தானே நீ உன் கணக்கையே ஆரம்பிச்ச?”

பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பரால் மெமரியின் தங்கப்பூச்சு விளிம்பைத் தேய்ப்பது எங்கள் தொழிலில் எல்லாரும் செய்கிற கைவைத்தியம்தான். நானே எத்தனையோ முறை செய்திருக்கிறேன். ஆனால் தேய்த்த பிறகு என்ன செய்வோம் என்று யோசித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“அண்ணா, கழட்டினதை அதே அதே இடத்துலயா மாட்டினீங்க?”

“இன்னா சார் கேள்வி இது! எல்லாம் ஒண்ணு போலதானே கீது? இட்லித் தட்டு மாதிரி. எது எங்க போனா இன்னா?”

அப்போதுதான் விளங்கியது. நான் முகவரி எடுத்த பதிவில் போன மாதத்துப் பிழைகளும் கலந்திருந்தன. அதிகம் இருந்ததே அவைதான். அவர் தேய்த்து மாட்டியதில் பலவீனமான மெமரி வேறு இடத்துக்குப் போய்விட்டது. பழைய முகவரியில் இப்போது உட்கார்ந்திருப்பது ஒரு பாவமும் அறியாத நல்ல மெமரி. கெர்னல் சொன்னதற்கு அர்த்தம் இதுதான்: ‘இந்த முறை நான் விழித்ததிலிருந்து அந்த இடத்தில் எந்தத் தப்பும் பார்க்கவில்லை. பார்க்காத தப்பைத் திருத்த மாட்டேன்.’ அது மட்டும் சரி என்று தலையாட்டியிருந்தால், நல்ல வரிசையை மாற்றிவிட்டு, எல்லாம் முடிந்தது என்று பையை எடுத்துக்கொண்டு நான் போயிருப்பேன். கெட்டது கெட்டபடியே இருந்திருக்கும்.

இந்த முறை கணினியை இயக்கிய பிறகு வந்த பிழைகளை மட்டும் பிரித்தெடுத்தேன். வேறொரு வரிசை. ஒவ்வொரு வரியிலும் அதே வரிசை. மாணவி எண்களை ஒவ்வொன்றாக வாசித்தார். நான் தட்டினேன். பொறுப்பாளர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, “ஆங், கரெக்ட்டு, கரெக்ட்டு” என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவருக்கு என்ன புரிந்ததோ தெரியாது. ஆனால் இரண்டு இடத்தில் என் விரல் தடுமாறியதை அவர் கண்தான் பிடித்தது.

“போடட்டுமாம்மா?”

பக்கத்துத் திரையில் அவருடைய கணக்கு ஒவ்வொரு வரியாக நகர்ந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு, “போடுங்க சார்” என்றார்.

தட்டினேன். பதிலே இல்லை. எங்கள் தொழிலில் பதில் வராவிட்டால் வேலை முடிந்தது என்று பொருள். கணக்கின் அடுத்த வரி வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. சில நிமிடத்துக்கு ஒரு தடவை தலைகாட்டிக்கொண்டிருந்த பிழை, நாங்கள் டீ குடித்து முடித்த பிறகும் வரவில்லை. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மாணவி முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். விரல் இடுக்கில் பார்த்தால் சிரிக்கிறார்.

அந்தக் கணக்கு முழுதாக முடிந்தது. அதன் பிறகுதான் கணினியை அணைத்து மெமரியை மாற்றினோம். அந்த விடையை வைத்து மாணவி வரைந்த தெருப்படம் இன்று அவர்கள் பகுதிப் பால் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. போன மழையில் அதைப் பார்த்துத்தான் சாமானை ஏற்றினார்களாம், போனில் சொன்னார். இப்போதெல்லாம் ஏதாவது ஒன்று எனக்கு முடியாது என்று சொன்னால் நான் உடனே கோபப்படுவதில்லை. எனக்கு முன்னால் இங்கே யார் என்ன செய்தார்கள் என்று பக்கத்தில் இருப்பவரைப் பேசவிட்டுக் கேட்கிறேன்.

ஆனால் அந்த நாளை நினைத்தால் முதலில் கண்ணில் வருவது அந்தப் பொறுப்பாளர்தான். கிளம்பும்போது அவரிடம் சொன்னேன்: “அண்ணா, இது தற்காலிகம்தான். கணக்கு முடியறதுக்குள்ள கரண்ட் போனாலோ, யாராவது ஆஃப் பண்ணாலோ, கணக்கும் போச்சு, மாத்தின வரிசையும் போச்சு.” அவர் யுபிஎஸ்ஸைப் போய்த் தொட்டுப் பார்த்தார். ஒரு நாற்காலியை இழுத்து, யாரும் தன்னைத் தாண்டாமல் உள்ளே வர முடியாதபடி வாசலை அடைத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு வீட்டுக்குப் போன் போட்டார்: “சாப்பாட்டை இங்கயே குடுத்தனுப்பு. எனக்கு இங்க வேலை கீது.”