கண்ணுக்குள் போகாத கேப்ஸ்யூல்

மெடிக்கல் ஷாப் கவுன்டரில் நிற்பவனுக்குக் கோபமும் வரக் கூடாது, சிரிப்பும் வரக் கூடாது. என்னைப் போல நின்று நின்று கால் வீங்கியவர்களுக்கு இது தெரியும். பெங்களூர் ஹெப்பகோடியில் கடையில் இருந்தவரை எனக்கு இரண்டுமே வந்தன.

டை கட்டிய ரெப்

ஊரெல்லாம் கம்ப்யூட்டர் முளைத்த சமயம். மருந்துக் கம்பெனி ரெப் ஒருவர் ஆன்டி-ஆக்ஸிடன்ட் கேப்ஸ்யூல் கொண்டுவந்தார். கதிர்வீச்சிலிருந்து கண்ணைக் காக்குமாம். எந்தக் கதிர்வீச்சு என்றேன். மானிட்டர், வெயில், வெல்டிங் என்று அடுக்கினார். வயிற்றுக்குள் போன மாத்திரை வெல்டிங் வெளிச்சத்தை எப்படி ஐயா மறைக்கும்? மனுஷன் கொஞ்சமும் அசரவில்லை.

"சார், நீங்க கேக்கற மாதிரி கஸ்டமர் யாரும் கேக்க மாட்டாங்க சார்."

சாஃப்ட்வேர்காரர்

உண்மைதான், கேட்கவில்லை. எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்த்த ஒருவர் கண் எரிகிறது என்று வந்தார். அவ்வப்போது எழுந்து தூரமாகப் பாருங்கள், கண்ணைச் சிமிட்டுங்கள் என்றேன். ஓசி யோசனைக்கு என்ன மரியாதை? கேப்ஸ்யூலைத்தான் வாங்கினார். அந்தத் தைரியத்தில் இன்னும் அதிகமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, மிளகாய்ப் பழக் கண்ணோடு திரும்பி வந்தார்.

"பாஸ், இதுல பவர் பத்தல, இன்னும் ஸ்ட்ராங்கா இருக்கா?"

கிரில் பட்டறை முதலாளி

பக்கத்துத் தெருவில் ஒரு கிரில் பட்டறை. வெல்டர் மாதேஷ் தர்மபுரிக்காரர். அங்கே இருந்தது முகத்துக்கு முன்னால் கையில் பிடிக்கிற ஷீல்டு. ஹெல்ப்பர் இரும்பைப் பிடித்தால்தான் வெல்டருக்கு ஷீல்டு பிடிக்க ஒரு கை மிஞ்சும். முதலாளி சம்பளத்தை மிச்சம் பிடிக்க ஹெல்ப்பரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். மாதேஷ் ஒரு கையில் இரும்பும் மறு கையில் வெல்டிங் ஹோல்டருமாக, முகத்தைத் திருப்பிக்கொண்டு பற்றவைத்தார். ஷீல்டு தரையில் கிடந்தது.

அவருக்கென்று முதலாளி கேப்ஸ்யூல் வாங்க வந்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலையில் மாட்டுகிற ஷீல்டு வாங்கிக் கொடுங்கள், கண் போனால் அவர் பிழைப்பே போய்விடும் என்றேன். அட்டையைப் பையில் போட்டபடி அந்தக் கன்னடக்காரர் பெரிய விஞ்ஞானி போலச் சிரித்தார்.

"சும்னே பயமுறுத்தாதே குரு, ஷீல்டு வெளியே இருந்துதான் காக்கும், இது உள்ளே இருந்தே காக்குது."

மாதேஷ் வீட்டுக்காரம்மா

சில வாரம் கழித்து மாதேஷின் மனைவி கண் சொட்டு மருந்து வாங்க வந்தார். வெல்டர்கள் வழக்கப்படி உருளைக்கிழங்கை நறுக்கிக் கண்ணில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இந்த முறை கேட்கவில்லை, கருவிழியில் புண். மாதேஷுக்கு இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டிருந்ததாம். பார்வை முழுசாகத் திரும்புமா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. முதலாளி வந்து பார்த்தாரா என்று கேட்டேன்.

"வந்தாருண்ணா, கையில எதையோ வெச்சாரு, தலைக்கு மாட்டற ஷீல்டுதான்னு இவரு ஆசையா தடவிப் பாத்தாரு, இன்னொரு அட்டை மாத்திரைண்ணா."

அந்தக் கேப்ஸ்யூல் வேலை செய்யவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். விழுங்கியது மாதேஷ், குணமானது முதலாளியின் மனசாட்சி.