நத்தார் மரத்தைத் தின்ன ஆளில்லை

சமையல் தொழிலிலை உப்புக் கூடினால் ஒரு பேச்சு, குறைஞ்சால் ஒரு பேச்சு. நத்தார் எண்ட கிறிஸ்மசுக்கு மரக்கறித் தட்டம் அடுக்கிற தொழிலிலை அந்தக் கரைச்சலே இல்லை, ஏனெண்டால் அதை ஒருத்தரும் தின்னுறேல்லை.

ஓடருக்குச் சாப்பாட்டுச் சாமான் செய்து குடுக்கிற அக்காமார், தங்கச்சிமார், நீங்களும் என்னைப் போலத்தான் எண்ட நம்பிக்கையிலை கேக்கிறன். ஒரு பச்சைக் கரட்டை நட்சத்திரமாய் வெட்டி வைச்சுப்போட்டு, அதை ஒரு மனிசனாவது கடிக்கமாட்டானோ எண்டு கதவு மறைவிலை நிண்டு பாத்திருக்கிறியளோ? நான் மூண்டு மார்கழியாய் நிண்டனான்.

எங்கடை வீடு மருதனார்மடத்துக்குக் கிட்ட. கட்டின மனிசன் தோட்டம் செய்யிறவர். கரட், பீற்றூட், கோவா, தக்காளி எல்லாம் வீட்டுக்குப் பின்னாலையே கிடக்கும். ஒருநாள் ஃபோனிலை ஒரு வீடியோ பாத்தன். வெள்ளைக்காரி ஒருத்தி பச்சை மரக்கறியளைப் பெரிய தட்டத்திலை நத்தார் மரம் மாதிரி அடுக்கி, பக்கத்திலை ஒரு கோப்பையிலை தொட்டுத் தின்னக் கூழ் மாதிரி ஒண்டு வைக்கிறாள். வந்த சனமெல்லாம் பிடுங்கித் தின்னுதுகள். இதென்ன பெரிய வேலையே எண்டு தொடங்கினன். புரொக்கோலிக் கொப்பு, சின்னத் தக்காளி லைற், கறிமிளகாய் மாலை, உச்சியிலை கரட் நட்சத்திரம். தட்டம் என்ரை. பார்ட்டி முடிய அது வெறுந்தட்டமாய்த் திரும்பி வரவேணும். அங்கைதான் பிரச்சினை.

பக்கத்து வளவிலை தவம் மச்சாள் இருக்கிறா. மனிசன்ரை தமக்கை. அவ ஓடருக்கு றோல்ஸ், கட்லட் செய்யிறவ. அவவின்ரை தட்டங்கள் கழுவி வைச்ச மாதிரி வெறுமையாய் வரும். என்ரை தட்டங்கள் போன கோலத்திலையே வரும். இந்த வருசம் மார்கழி பிறக்க முதலே அவ தீர்ப்புச் சொல்லிப்போட்டா: இந்த முறையும் ஒரு தட்டமாவது வெறுமையாய் வராட்டில், நான் தட்டத்தைக் கட்டிவைச்சுப்போட்டு தை மாசம் தொடக்கம் அவவோடை சேர்ந்து தகரப்பேணி ரின்மீனிலை கட்லட் உருட்டவேணும். நான் பிறந்ததிலை இருந்து மச்சம் மாமிசம் தொடாதவள். ரின்மீன் மணம் படலையடியிலை வந்தாலே மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வளவுக்குப் போயிடுவன். அதாலை எனக்கு இது விளையாட்டுக் கதையில்லை. இன்னொரு சட்டமும் போட்டா: பச்சையாய்த் தின்னவேணும், சமைச்சால் கணக்கில்லை. அந்தச் சட்டம் சாவகச்சேரியாலை வந்தது.

முதல் தட்டம்

தொடங்கின வருசம் என்ரை முதல் ஓடர் கனடாவிலை இருந்து. சாவகச்சேரியிலை இருக்கிற தாய் தேப்பனுக்கு நத்தார்ப் பரிசாய்க் குடுக்கச் சொல்லி மகள் கேட்டவ. தட்டத்தை மடியிலை வைச்சுக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனன். இறங்கேக்கை கால் இரண்டும் மரத்துப்போச்சு, ஆனால் ஒரு தக்காளி உருளேல்லை.

தேப்பன் பென்சன் எடுத்த மனிசன். தட்டத்தை ஒரு பக்கத்தாலை பாத்தார், மற்றப் பக்கத்தாலை போய் நிண்டும் பாத்தார். நட்சத்திரத்தைக் கையாலை தொட்டு, கரட் எண்டு உறுதிப்படுத்தினார். பிறகு குசினிப் பக்கம் திரும்பி மனிசியைக் கூப்பிட்டார். அந்த அம்மா அகப்பையோடை வந்தவ, என்ரை மரத்தின்ரை கீழ்க்கொப்பு முழுவதையும் வழிச்சுக்கொண்டு போய்ச் சாம்பார்ச் சட்டிக்கை போட்டா. அடுத்ததாய் நடுக்கொப்பு போச்சு. என்ரை முகம் போன போக்கைப் பாத்த ஐயா என்னை ஆறுதல்படுத்தினார்: "வெட்டினது வடிவாய்த்தான் வெட்டியிருக்கிறாய், பிள்ளை, பஞ்சிப்படாமல் ஒரு கொதி கொதிக்க விட்டுக்கொண்டு வந்திருக்கலாம்."

ஒளிவிழா

அடுத்தது ஒரு பள்ளிக்கூடம். பேர் வேண்டாம். நத்தாரை ஒட்டி வைக்கிற ஒளிவிழாவுக்கு மேசை நடுவிலை என்ரை மரத்தை வைச்சவை. அதிபர் பக்கத்திலை நிண்டு படம் எடுத்தார். பிள்ளையள் வகுப்பு வகுப்பாய் வந்து படம் எடுத்ததுகள். பிரதம விருந்தினர் எழும்பி வந்து உச்சியிலை இருந்த நட்சத்திரத்தைக் கழட்டினார். கதவு மறைவிலை நிண்டு பாத்த நான், கடிக்கப் போறார் எண்டு நினைச்சன். அவர் அதைப் படத்துக்கு ஒருக்கால் தூக்கிக் காட்டிப்போட்டு, திரும்பக் கவனமாய்க் குத்திவைச்சார்.

பின்னேரம் எங்கடை வீட்டடியிலை ஒரு ரீச்சர் ஓட்டோவிலை வந்து இறங்கினா. மடியிலை என்ரை மரம். வழி முழுக்க ஓட்டோக்காரரை மெல்லப் போ, மெல்லப் போ எண்டு சொல்லிக்கொண்டு வந்தவவாம். ஏன் ரீச்சர், ஒருத்தரும் தின்னேல்லையோ எண்டு கேட்டன். அவ முழுசினா. கலியாண வீட்டு மணவறை மாதிரி இதுவும் வாடகைச் சாமான் எண்டு அவை நினைச்சிருக்கினம். கிட்டப் போன இரண்டு பிள்ளையளுக்கு நல்ல ஏச்சும் விழுந்திருக்கு. எனக்கு வந்த கோவத்துக்கு நான் ஏதோ சொல்ல வாயைத் திறக்க முதல் அவ பெருமையாய்ச் சொன்னா: "ஒரு தக்காளியும் குறையேல்லை அக்கா, நீங்களே எண்ணிப் பாருங்கோ."

பாப்பாவின்ரை தாடி

மரம்தான் ஆக்களைப் பயப்படுத்துது, முகம் எண்டால் தின்னுவினம் எண்டு ஒரு யோசினை வந்தது. ஒரு தேவாலயப் பங்குச் சுவாமியார் சின்னப் பிள்ளையளின்ரை விருந்துக்குக் கேட்டவர். நத்தார் பாப்பா, அதுதான் கிறிஸ்மஸ் தாத்தா, செய்தன். பூக்கோவாவிலை தாடி, கோவாக் குருத்திலை முகம், சிவப்புத் தொப்பி. தொப்பிக்குத் தக்காளி எடுக்க வெளிக்கிட்டன். மனிசன் விடேல்லை. பீற்றூட் விலைப்படாமல் கிடக்குது, அதை வை எண்டார். கட்டின மனிசன்ரை சொல்லை நான் வருசத்திலை ஒருக்கால்தான் கேக்கிறனான். அது அண்டைக்கெண்டு அமைஞ்சுபோச்சு.

பீற்றூட் தண்ணி விடும் எண்டு ஒரு தோட்டக்காரனுக்குத் தெரியாதோ? விருந்து மண்டபத்திலை மூடியைத் திறக்கேக்கை தொப்பி வெளிறிக் கிடக்குது. சிவப்பெல்லாம் வழிஞ்சு பாப்பாவின்ரை வாயைச் சுத்தித் தாடியிலை ஊறிப்போச்சு. முன் வரியிலை இருந்த ஒரு குஞ்சு அழத் தொடங்க, மற்றதுகளும் சேர்ந்து அழுதுதுகள். நான் வெக்கத்திலை மூடியைத் திரும்பப் போடப் பாத்தன். சுவாமியார் குனிஞ்சு ஆறுதலாய்ப் பாத்துப்போட்டுச் சொன்னார்: "பறவாயில்லை பிள்ளை, வெத்திலை போடுறார் எண்டால் ஆள் எங்கடை பக்கம்தான்."

தட்டம் ஊர் சுத்தினது

நத்தாரண்டு கிறிஸ்து சமயத்து வேதக்கார வீடுகளிலை இருந்து எங்களுக்குப் பலகாரத் தட்டம் வரும். தீவாளிக்கும் பொங்கலுக்கும் நாங்கள் அனுப்புவம். இது உங்களுக்குத் தெரிஞ்சதுதான். போன வருசம் ரெஜினா அக்கா எண்டு ஒராள் நத்தாரண்டு காலமை என்னட்டை ஒரு மரம் வாங்கினவ. பின்னேரம் நாலு மணிக்கு, எங்கடை ஒழுங்கைக்குப் புதிசாய்க் குடிவந்த ஒரு தங்கச்சி பூத்தையல் போட்ட துணியாலை மூடிக்கொண்டு ஒரு தட்டம் கொண்டுவந்தா. துணியைத் தூக்கினன். விளிம்பிலை நெளிவு விழுந்த என்ரை தட்டம், அதிலை என்ரை மரம்.

மரம் வாடி ஒரு பக்கம் சரிஞ்சு நிக்குது. அடியிலை கொக்கிஸ் எண்ட அச்சுப் பலகாரம், ஒரு மூலையிலை பயத்தம் பணியாரம், மற்ற மூலையிலை இரண்டு கதலிப்பழம். ரெஜினா அக்கா வீட்டாலை வெளிக்கிட்ட மரம் எத்தினை வீடு ஏறி இறங்கினது எண்டு அந்தப் பலகாரங்களே சொல்லுது. ஒவ்வொரு வீடும் தங்கடை பங்குக்கு ஒண்டை வைச்சிருக்கு, ஒரு வீடும் என்ரை கரட்டிலை கை வைக்கேல்லை. நான் சிரிக்கிறதோ அழுறதோ தெரியாமல் அந்தப் பிள்ளையின்ரை முகத்தைப் பாத்தன். அவ ஒரு சொட்டுத் தடுமாற்றமும் இல்லாமல் சொன்னா: "உங்களுக்கெண்டு சொல்லிச் செய்விச்சது அக்கா, வேறை ஒரு வீட்டுக்கும் குடுக்கேல்லை."

உப்புப் பாக்கிற ஆள்

இந்த வருசம் என்ரை பேர் எவ்வளவு பரவியிருந்தது எண்டால், வந்த ஓடர் ஒண்டே ஒண்டு. காங்கேசன்துறைப் பக்கம் ஒரு அரசாங்கக் கந்தோரிலை ஒளிவிழா. இந்தத் தட்டமும் திரும்பி வந்தால் நான் ரின்மீன் பிசையவேண்டியதுதான். அதுவும் கோயிலிலை பிள்ளையார் கதை படிக்கிற இருபத்தொரு நாளிலை ஒரு நாள். அந்த இருபத்தொரு நாளும் நான் விரதம். பின்னேரம் கோயிலிலை கதை கேட்டு வந்துதான் வாயிலை ஏதும் வைக்கிறது. தொட்டுத் தின்னுறதுக்குக் கட்டித் தயிர், உள்ளி, மிளகு, தேசிக்காய்ப்புளி போட்டு அடிச்சன். வீடியோவிலை முட்டை சேர்த்தவை, நான் சேர்க்கேல்லை. ஆனால் ருசி பாக்க ஏலாதே. மனிசனைக் கூப்பிட்டு உப்பு மட்டும் பாருங்கோ எண்டு கோப்பையைக் குடுத்துப்போட்டு, மரக்கறி கழுவக் கிணத்தடிக்குப் போனன். வந்து பாத்தால் கோப்பை பளபளவெண்டு கிடக்குது, பக்கத்திலை மனிசன் புட்டுக் கோப்பையை வழிச்சுக்கொண்டு இருக்கிறார். என்னைக் கண்டதும் கேட்ட கேள்விக்கு ஒழுங்காய் மறுமொழி சொன்னார்: "தேசிக்காய் கொஞ்சம் காணாது, மற்றப்படி புட்டுக்கு நல்லாய்த்தான் இருக்குது."

றோல்ஸ் மரம்

திரும்ப அடிச்சு எடுத்துக்கொண்டு கந்தோருக்குப் போனன். ஒரே ஓட்டோவிலை மச்சாளும் வந்தா. றோல்ஸ் ஓடர் அவவுக்கு. விழாவை ஒழுங்கு செய்த மேரி மிஸ் விசயம் தெரிஞ்ச மனிசி. அங்கை நாற்பது பேரளவிலை வேலை. மூண்டு பேர்தான் வேதக்காரர். மிச்சப்பேரிலை கனபேர் பிள்ளையார் கதைக்கு மச்சம் விட்டு நிக்கிறவை. அதாலை ஒரு பெட்டி ஆட்டிறைச்சி றோல்ஸ், ஒரு பெட்டி சைவ றோல்ஸ் எண்டு பிரிச்சுச் சொல்லியிருந்தா. மச்சாளும் மச்சம் விட்டவதான். பின்னேரம் தோய்ஞ்சு குளிச்சால் சரி எண்டு இறைச்சியைக் கையாலை கிண்டுவா, வாயிலை வைக்கமாட்டா.

பேச்சு முடிய வாற போற ஆக்களெல்லாம் என்ரை மரத்தைப் பாத்து, என்ன வடிவு, என்ன வடிவு எண்டு சொல்லிக்கொண்டு போச்சினம். மச்சாளுக்கு அது பொறுக்கேல்லை. மூண்டு வருசமாய்த் தின்னாத சாமானுக்கு இவ்வளவு புகழோ எண்டு முணுமுணுத்துக்கொண்டு, இரண்டு பெட்டியையும் திறந்து, றோல்ஸைச் சுத்திச் சுத்தி அடுக்கத் தொடங்கினா. பத்து நிமிசத்திலை ஒரு முழ உயரத்துக்குப் பொன்னிறமாய் ஒரு றோல்ஸ் மரம். பொய் சொல்லக்கூடாது, என்ரையை விட அது வடிவு. எனக்குக் கண்ணுக்கு முன்னாலை தை மாசமும் ரின்மீன் சட்டியும் தெரிஞ்சுது. கதவு மறைவிலை போய் நிண்டன்.

முதலிலை வந்தவர் பெரிய கிளாக்கர். நெத்தி நிறையத் திருநீறு. காலமையிலை இருந்து பேச்சுக் கேட்ட பசியிலை றோல்ஸ் மரத்துக்குக் கையை நீட்டினவர், பாதியிலை நிப்பாட்டிப்போட்டுக் கேட்டார், தங்கச்சி, உதிலை சைவம் எது? மச்சாள் மேல் வரி எண்டா. பிறகு இல்லை, கீழ் வரி எண்டா. பிறகு இரண்டு றோல்ஸைத் தூக்கிப் பக்கத்திலை பக்கத்திலை வைச்சுப் பாத்தா. ஒரே மா, ஒரே தூள், ஒரே நீளம். கடிச்சுப் பாத்தால்தான் தெரியும்; கடிச்சுப் பாக்க அவவாலையும் ஏலாது. பெரிய கிளாக்கர் கையை இழுத்தார். பின்னாலை நிண்ட முப்பது கையும் இழுபட்டுது. பக்கத்திலை வைச்சிருந்த நத்தார்க் கேக்கிலை முட்டை, அதுவும் ஆகாது. மேசையிலை மிஞ்சினது என்ரை மரம்.

பெரிய கிளாக்கர் என்ரை கோப்பையைக் காட்டி, இதிலை முட்டை கிட்டை இருக்குதோ எண்டு கேட்டார். இல்லை ஐயா, தயிர்தான், நானும் விரதம் எண்டு கதவு மறைவாலை வந்து சொன்னன். அவர் மரத்தின்ரை அடிக்கொப்பிலை ஒரு கரட் துண்டை உருவி, தொட்டு, கடிச்சார். கறுக் எண்டு ஒரு சத்தம். அக்காமார், மூண்டு வருசமாய் நான் கேக்கத் தவம் கிடந்த சத்தம் அது. அதுக்குப் பிறகு ஆர் எடுத்தது, எதை எடுத்தது எண்டு தெரியாது. சனம் மரத்தை மொய்ச்சுது. பிரதம விருந்தினரை வழியனுப்பிப்போட்டு மரத்தோடை படம் எடுக்க வந்த மேரி மிஸ், வெறுந்தட்டத்தோடைதான் நிண்டு படம் எடுத்தா.

மச்சாள் தன்ரை மரத்துக்குக் காவல் மாதிரி நிண்டா. மூண்டு வேதக்காரரும் ஆளுக்கு இரண்டு எடுத்ததோடை அது அப்பிடியே நிக்குது. கடைசியாய் அவ மெல்ல வந்து, தயிர்க் கோப்பை ஓரத்திலை தப்பிக் கிடந்த ஒரு கறிமிளகாய் வளையத்தைத் தயிர் வழிச்சுத் திண்டா. கனநேரம் சப்பினா. பிறகு என்னைப் பாக்காமல் சொன்னா: "உதிலை ஒரு ருசியும் இல்லை, எண்டாலும் அடுத்த முறை எனக்கும் ஒருக்கால் அடுக்கக் காட்டித் தா."

பச்சை மரக்கறியைச் சனம் விரும்பித் தின்ன ருசியும் தேவையில்லை, வடிவும் தேவையில்லை, பக்கத்திலை இருக்கிற றோல்ஸிலை ஒரு சந்தேகம் இருந்தால் காணும்.