அக்கா தொட மறுத்த மருந்து

இந்த நினைவு மலரை அச்சுக்குக் கொடுக்கும் முன் என் கட்டுரையை வாசித்துவிட்டு, அக்காவின் மகன் அம்பிட்டியவிலிருந்து என் வீட்டுக்கே வந்துவிட்டான்.

"மாமா, திவசத்துக்கு வர்றவங்க கையில குடுக்கிற புத்தகம் இது. இதப் போடத்தான் வேணுமா? அம்மா பொறுமையின் சிகரம்னு மத்த எல்லாரும் எழுதிக் குடுத்திருக்காங்க. நீங்களும் அப்படி ரெண்டு பக்கம்..."

"உங்கம்மா பொறுமையா இருந்து நீ பார்த்திருக்கியா?"

சிரித்துவிட்டான். "இல்லதான்."

"அப்ப இதப் போடு. இல்லாட்டி என் பேரையே எடுத்துடு."

போட்டிருக்கிறான். இனி உங்கள் பாடு. வாசிக்கப் பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம். அக்கா உயிரோடிருந்தபோதும் அதைத்தானே செய்தீர்கள்.

அக்கா பிறந்தது மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். அப்பா அங்கே ஸ்டோர் கிளார்க். காட்டுப்பன்றி விரட்டும் துப்பாக்கிக்குத் தோட்டா எடுத்துக் கொடுப்பதும் அவர் பொறுப்பாக இருந்தது. அப்பா கண்ணை மூடியதும் தோட்டத்து வீட்டைக் காலி செய்து, அம்மாவையும் என்னையும் கண்டி டவுனுக்கு அழைத்து வந்தவர் அக்கா. அவர் படிப்பை நிறுத்தினார். நான் தொடர்ந்தேன்.

அரசாங்க அனுமதி பெற்ற துப்பாக்கிக் கடை ஒன்றில் அவருக்கு வேலை கிடைத்தது. வெளிநாட்டுத் தோட்டா வருவது அருகியிருந்த காலம் அது. அனுமதிப்பத்திரம் வைத்துக்கொண்டு கைத்துப்பாக்கியால் இலக்குச் சுடும் கழகத்தார், சுட்ட தோட்டாக்களின் வெற்றுக் கோதுகளைச் சேர்த்துக் கடைக்குக் கொண்டு வருவார்கள். அவற்றில் வெடிமருந்தும் ஈயக்குண்டும் புதிதாக இட்டுக் கொடுப்பது பின்னறை வேலை. அதைக் கற்றுக்கொண்டு, அந்த அறையை அக்கா தன்னுடையதாக்கிக்கொண்டார். பெண்ணுக்கு இது என்ன வேலை என்று கேட்ட உறவினர்களிடம், "நீங்க வந்து செய்யுங்க, நான் வீட்டுல இருக்கேன்" என்றார். யாரும் வரவில்லை.

மருந்து எல்லாம் ஒன்றல்ல. அக்கா எப்போதும் எடுத்தது பொரி போல இலேசான ஒரு மருந்து. அளவாக இட்டாலே கோதின் பாதிக்கு மேல் நிறைந்துவிடும். அது புகையும். சுட்டவரின் விரலில் கரி படியும். கழகத்தார் முணுமுணுப்பார்கள். பிறகு கடைக்குப் புதிய மருந்து ஒன்று வந்தது. நுண்ணிய, கனமான, கறுப்புத் துகள். சிறிதளவு போதும். புகை குறைவு, கையும் சுத்தம். எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று. அக்கா மட்டும் தொட மாட்டேன் என்றார்.

நான் அப்போது பல்கலைக்கழகத்தில் இரசாயனம் முடித்து, ஆசிரியர் நியமனத்துக்காகக் காத்திருந்தேன். அன்று நானும் கடையில் இருந்தேன். கழகத்தின் நல்ல சுடுநரான திகன நானாவும் தன் கோதுகளோடு வந்து நின்றார். முஸ்லிம் அண்ணன் என்பதால் நானா; திகன என்று ஊரைச் சேர்த்துத்தான் அவரை எல்லோரும் அழைப்போம்.

"ஏன்மா, உனக்கு மட்டும் என்ன வில்லங்கம்?" என்றார் முதலாளி.

"முதலாளி, அந்த மருந்து கோதுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்குது. ஒரு கோதுல தவறி ரெண்டு தரம் போட்டாலும் வெளிய தெரியாது, சுட்டா துப்பாக்கியே சிதறும். என்னோடது அப்படியில்ல. ரெண்டாந்தரம் போட்டா பலகையெல்லாம் வழிஞ்சு காட்டிக் குடுத்துடும்."

"கவனமா போட்டா ஏன்க்கா ரெண்டு தரம் விழுது?" என்றேன் நான். அந்த மருந்தில் குற்றமில்லை. கவனமானவர்கள் உலகமெங்கும் பயன்படுத்தினார்கள். அதையும் எடுத்துச் சொன்னேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "தப்பே செய்யாதவள்னு என்னைய நினைச்சுக்கிட்டு மருந்து எடுக்க முடியாது, தம்பி. ஒரு நாள் செய்வேன்னு நினைச்சுத்தான் எடுக்கணும்."

"அப்ப தம்பியே போடட்டும். படிச்ச கை" என்று முதலாளி சிரித்தார்.

அக்கா மருந்து அலுமாரிச் சாவியை என் முன்னால் வைத்தார். "போடு" என்றார். போய்க் கடை முகப்பில் கதிரையைப் போட்டு, பின்னறை தெரியும்படி உட்கார்ந்துகொண்டார். நானாவும் கோதுகளை வைத்துவிட்டுப் போனார்.

துளையிட்ட பலகையில் கோதுகளை வரிசையாக நிறுத்தி நிரப்பத் தொடங்கினேன். பாதி வழியில் தெருவில் யானைச் சங்கிலிச் சத்தம் கேட்டது. பெரஹரா ஊர்வலத்துக்கு வந்த யானை ஒன்று மின்கம்பியில் மாட்டிய கிளையை இழுத்துக்கொண்டு நிற்க, பாகன் திட்ட, முதலாளி "வா வா, இதப் பாரு" என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திரும்பினேன். எந்தக் கோதோடு நிறுத்தினேன் என்று சந்தேகம் வந்தது.

இந்த இடத்தை நான் மெதுவாக எழுதுகிறேன். சந்தேகம் வந்தது. வராமல் இருந்திருந்தால் அது வெறும் தவறு. கோதுக்குள் குனிந்து பார்த்தேன். அடியில் கறுப்பாக மருந்து தெரிந்தது. மற்றவற்றிலும் அப்படித்தான் தெரிந்தது. செய்ய வேண்டியது எனக்குத் தெரியும்: பலகை முழுவதையும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். ஆனால் அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் முன்னால் கொட்ட என்னால் முடியவில்லை. குண்டுகளை வைத்து அழுத்தி மூடினேன்.

அடுத்த சுடுதளப் போட்டியில் திகன நானாவின் கைத்துப்பாக்கி வெடித்துச் சிதறியது. அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

விசாரணைக்கு வந்தவர்களிடம் முதலாளி, "அந்தப் பொண்ணுதான் போடுவா" என்றார். அக்கா எல்லோர் முன்னிலையிலும் என்னைக் காட்டி, "அன்னைக்குப் போட்டது இவன். நான் அந்த மருந்தைத் தொடவே இல்ல" என்றார். என்னைக் கேட்டார்கள். "வழமையாக அக்காதான் போடுவார்" என்று சொன்னேன். அந்த வாக்கியத்தில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை. அதைவிடப் பெரிய பொய்யை நான் வாழ்நாளில் சொன்னதில்லை.

அன்றிரவே அம்மா அக்காவை அறைந்தார். "கூடப் பொறந்தவனக் காட்டிக் குடுக்கிறியே, நீ ஒரு பொம்பளையா?" அக்காவின் வேலை போயிற்று. பேசி முடித்திருந்த சம்பந்தம் நின்றது. எனக்கு நியமனம் வந்தது. சந்தேகம் வந்தால் கொட்டிவிட்டு மறுபடி தொடங்கு என்று பரிசோதனைக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தே ஓய்வுபெறும் வரை சம்பளம் வாங்கினேன்.

அக்கா அழுது அடங்கியிருப்பார் என்று யாராவது நினைத்தால், அவர்களுக்கு அக்காவைத் தெரியாது. கல்யாண வீட்டில், காதுகுத்தில், பந்தியில் சோறு விழும்போதுகூடச் சொன்னார். "நான் போடல. இவன் போட்டான். இல்லைன்னு சொல்லச் சொல்லுங்க." நான் ஒருநாளும் இல்லை என்றதில்லை. ஆம் என்றதுமில்லை. நீங்கள் அக்காவுக்கு வாயாடி என்று பெயர் வைத்தீர்கள். படித்த தம்பி மீது பொறாமை என்றீர்கள். நான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, எவ்வளவு பெருந்தன்மை என்றீர்கள்.

அவரை முதலில் நம்பியவர் விரல்களை இழந்தவர்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, கட்டுப்போட்ட கையோடு எங்கள் வாசலில் நின்றார்.

"இந்தப் புள்ள அதுட மருந்த ரெண்டு தரம் போட்டீந்தா வழிஞ்சீக்கும். மத்தத தொடமாட்டேன்டு சொன்னத நான் நின்டு கேட்டேனே." பிறகு என் பக்கம் திரும்பினார். "என்ன தம்பி, நீங்கதானே?"

நான் தரையைப் பார்த்தேன்.

"சரி. என்ட கை போன போக்குத்தான். புள்ளட பேரு போகப்படாது" என்றவர், அக்காவை நேரே கடைக்கு அழைத்துப் போனார். என்னை அவர் எங்கும் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த மன்னிப்பை நான் மௌனமாக இருப்பதற்கு அனுமதியாக எடுத்துக்கொண்டேன். முதலாளி அக்காவை மறுபடி சேர்த்துக்கொண்டார். சேருமுன் அக்கா அந்தக் கறுப்பு மருந்தைக் கடையை விட்டே அகற்றச் செய்தார். அதற்குப் பின்னும் அவர் இட்ட தோட்டா எவர் கையையும் காயப்படுத்தியதில்லை. நாட்டு நிலைமை கெட்டு, கழகத்துக்கும் பூட்டு விழுந்த நாள்வரை அந்த அறையில் புகை மருந்துதான்.

நகரசபையில் வேலை பார்த்த அத்தான் எல்லாக் கதையையும் கேட்டுவிட்டு, "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்று சொல்லி அக்காவை மணந்துகொண்டார். அம்பிட்டியவில் பலசரக்குக் கடை நடத்தி, பிள்ளைகளைப் படிக்கவைத்து, இழுபறியான காலங்களிலும் அக்கா கடைக்கதவைச் சாத்தவில்லை. வாயையும் சாத்தவில்லை.

கடைசி நாட்களில் இருதயம் தளர்ந்து, தலையணையில் சாய்ந்தே இருந்தார். ஒரு பின்னேரம் நான் போனபோது கண்ணைத் திறந்தார்.

"இன்னும் சொல்லலையா?"

"எழுதுறேன்க்கா."

"நான் போனப்புறமா? அது எனக்கு எதுக்கு?" மூச்சு வாங்கியது. பிறகு, "சரி, எழுது. ஆனா என்னைய மன்னிச்சவள்னு எழுதிடாத. நான் மன்னிக்கல" என்றார். என் கையை மட்டும் விடவில்லை.

எனவே அப்படியே எழுதுகிறேன்: அக்கா என்னை மன்னிக்கவில்லை. அவர் செய்தது சரி.

அவரைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட மருமகளுக்கும், இரவு பகல் பாராமல் ஓட்டோ கொண்டுவந்த அம்பிட்டிய அயலவருக்கும், மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. திகன நானா இப்போது இல்லை. எங்கள் குடும்பமே நம்பாத அக்காவை அவர் நம்பினார். அக்காவின் உடலை எடுத்த அன்று வந்து வாசலில் நின்ற அவர் பிள்ளைகளுக்கு நான் கடன்பட்டவன்.

உங்களில் ஒருவராவது என்னிடம் வந்து, வயதான காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். என்னிடம் வர வேண்டாம். அக்காவின் படத்துக்கு முன்னால் போய் நின்று, அன்று பலகையை நிரப்பியது உன் தம்பிதான் என்று ஒருமுறை சத்தமாகச் சொல்லிவிட்டு, அப்புறம் சாப்பிட உட்காருங்கள்.

நான் சொல்லிவிட்டுத்தான் உட்காரப் போகிறேன்.

தம்பி